போர்ட்டல் 2-இல் நீங்கள் ஏன் எங்கும் மாட்டிக்கொள்ளவில்லை

போர்ட்டல் என்ற புதிர் வீடியோ கேமைப் பற்றி வந்த கேள்வி சுருக்கமாக இதுதான்: "போர்ட்டல் முதல் பாகத்தை முடித்த கையோடு இரண்டாவதையும் ஆடி முடித்தேன். இரண்டாவதில் நிறையச் சிரித்தேன். ஆனால் முதலாவதில் சில அறைகளில் மண்டை காய்ந்ததே, அப்படி இதில் எங்குமே மாட்டிக்கொள்ளவில்லை. எல்லோரும் இரண்டாவதுதான் உசத்தி என்கிறார்கள். கதையைக் கூட்டியதால் புதிர் நீர்த்துப்போனதா, இல்லை எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?"

உங்களுக்கு மட்டும் தோன்றுவதல்ல. ஒற்றை ஆள் ஆட்டத்தில் புதிர் கொஞ்சம் இளகித்தான் இருக்கிறது. ஆனால் அந்த இளக்கம் இரண்டாம் பாகத்தில் திடீரென்று வந்ததில்லை. முதல் பாகத்தின் கடைசி அரை மணி நேரத்திலேயே அது தொடங்கிவிட்டது. (இரண்டு கேம்களின் முடிவையும் கீழே போட்டு உடைக்கப்போகிறேன். ஆடாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.)

2007 அக்டோபரில் வால்வ் நிறுவனம் 'ஆரஞ்ச் பாக்ஸ்' என்ற பெயரில் ஐந்து கேம்களை ஒரே பெட்டியில் போட்டு விற்றது. ஹாஃப்-லைஃப் 2, அதன் இரண்டு எபிசோடுகள், டீம் ஃபோர்ட்ரெஸ் 2 ஆகியவற்றுக்காகத்தான் பெரும்பாலானவர்கள் பெட்டியை வாங்கினார்கள். போர்ட்டல் கொசுறாக உள்ளே கிடந்தது. அமெரிக்காவில் டிஜிபென் என்ற கேம் கல்லூரியின் மாணவர்கள் 'நார்பகுலர் டிராப்' என்று ஒரு சின்ன கேம் செய்திருந்தார்கள். சுவரில் இரண்டு ஓட்டைகள், ஒன்றில் நுழைந்தால் மற்றதில் வெளியே வரலாம், அவ்வளவுதான் அதன் யோசனை. போர்ட்டலில் அந்த ஓட்டைகளை (அவற்றுக்கும் போர்ட்டல் என்றே பெயர்) நீங்களே ஒரு துப்பாக்கியால் சுவரில் போட்டு, அறை அறையாகத் தாண்டவேண்டும். வால்வ் அதைப் பார்த்துவிட்டு அந்தக் குழுவையே வேலைக்கு எடுத்துக்கொண்டது. கிம் ஸ்விஃப்ட் தலைமையில் மிகச் சிறிய குழு. வசனத்துக்கு எரிக் வோல்பாவும் செட் ஃபாலிசெக்கும் வந்து சேர்ந்தார்கள்.

சின்னக் குழு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் வடிவமே அதிலிருந்து வந்ததுதான். மனிதப் பாத்திரங்களைச் செய்து, முகத்தை அசைத்து, நடக்கவிட்டுக் கதை சொல்ல ஆள்பலம் கிடையாது. அதனால் ஒரு குரல் மட்டும், சோதனைக்கூடத்தை நடத்தும் கணினியின் குரல். கிளாடோஸ். குரல் கொடுத்த எலன் மெக்லெய்ன் ஆபரா பாடகி. எழுத்தைப் படிக்கும் கணினிக் குரலைப் போலவே பேசச் சொல்லி, அதை மேலும் பதப்படுத்தி அந்தக் குரலை உருவாக்கினார்கள். முதல் சில அறைகளில் அது வெறும் அறிவிப்பாகத்தான் ஒலிக்கும். அப்புறம் மெல்ல மெல்லப் பொய் சொல்கிறது என்று புரியும். 16-வது அறையில், வழக்கமான அறை பராமரிப்பில் இருக்கிறது, அதனால் ராணுவ ரோபோக்களுக்கான அறைக்கு உங்களை அனுப்புகிறோம் என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டு, துப்பாக்கிச் சூடு நடத்தும் டர்ரெட்களுக்கு நடுவே தள்ளிவிடுவாள். அங்கேயேதான் சுவர்ப் பலகைக்குப் பின்னால் எவனோ ஒளிந்து வாழ்ந்த பொந்தும், (சோதனையை முடித்தால் கேக் தருவதாக அவள் சொல்லிவந்திருப்பாள்) 'கேக் ஒரு பொய்' என்ற கிறுக்கலும் கண்ணில் படும்.

இத்தனையும் நடக்கும்போது உங்கள் கை புதிரை விட்டு விலகவே இல்லை என்பதைக் கவனியுங்கள். கதையைக் கேட்க நீங்கள் எங்கும் நிற்கவில்லை. இதற்குச் சிறந்த உதாரணம் 17-வது அறையில் வரும் இதயம் வரைந்த பெட்டி, அதாவது கம்பானியன் கியூப். அந்தப் பெட்டி பிறந்த கதையை வால்வ்காரர்களே கேமுக்குள் உள்ள விளக்கவுரையில் சொல்லியிருக்கிறார்கள். அந்த அறை மிக நீளம். ஒரே பெட்டியை ஆரம்பம் முதல் கடைசிவரை கூடவே கொண்டுபோக வேண்டும். சோதித்து ஆடியவர்களோ பெட்டியை வழியில் விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். பெட்டியை மறக்காமல் இருக்க என்ன செய்வது? மேலே ஒரு இதயம் வரைந்தார்கள், அதன்மேல் பாசம் வைக்கச் சொல்லிக் கிளாடோஸுக்கு நாலு வசனம் எழுதினார்கள். கடைசியில் அதை உலையில் போட்டு எரித்தால்தான் கதவு திறக்கும். எரிப்பதற்கும் காரணம் இருக்கிறது. இறுதிச் சண்டையில் கிளாடோஸிடமிருந்து உதிரும் உருண்டைகளை அதே மாதிரி உலையில்தான் போடவேண்டும், அதை முன்கூட்டியே கற்றுக்கொடுத்தாக வேண்டும். ஒரு வடிவமைப்புத் தொல்லைக்குப் போட்ட ஒட்டு, கேமிலேயே ஆட்களை அதிகம் உலுக்கிய இடமாக ஆகிவிட்டது. நான் முதல் பாகத்தை ஒரு படி மேலே வைப்பதற்கு இந்த ஒரு அறையே போதும்.

சரி, இளக்கம் எங்கே தொடங்குகிறது? 19-வது அறையின் முடிவில். கேக் தருகிறேன் என்று சொல்லி நகரும் மேடையில் ஏற்றி நேராகத் தீக்குழிக்கு அனுப்புகிறாள் இல்லையா, அங்கே. தப்பிக்க வழி மிகச் சுலபம்: எதிரே உயரத்தில் ஒரு போர்ட்டல், பக்கத்தில் ஒரு போர்ட்டல், முடிந்தது. அதற்கு முன் வந்த அறைகளோடு ஒப்பிட்டால் இதெல்லாம் ஒரு புதிரே இல்லை. ஆனால் சோதித்து ஆடியவர்கள் மனதில் நின்றதாகச் சொன்ன இடம் அதுதான். அந்தச் சமயத்தில் குழு இறுதிச் சண்டையை எப்படி எப்படியோ அமைத்துப் பார்த்து, எதுவும் சரிவராமல் தடுமாறிக்கொண்டிருந்தது. தீக்குழியைப் பார்த்துத்தான் அவர்களுக்கு விஷயம் பிடிபட்டது. பரபரப்பு உச்சத்தில் இருக்கும்போது புதிர் எளிதாக இருக்க வேண்டும். உயிர் போகிற நேரத்தில் அரை மணி நேரம் சுவரைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தால் பயம் ஆறிப்போய்விடும். அதனால்தான் கிளாடோஸோடு நடக்கும் சண்டையும் நீங்கள் ஏற்கெனவே செய்த காரியங்களையே திரும்பச் செய்வதாக இருக்கிறது. ராக்கெட்டைத் திருப்பிவிடு, உருண்டையை எடு, உலையில் போடு. ஆறு நிமிடக் கடிகாரம் வேறு ஓடுகிறது.

முதல் பாகத்தில் இந்த விதி கடைசிப் பகுதிக்கு மட்டும் பொருந்தியது. இரண்டாம் பாகத்தில் பரபரப்பு பாதி கேமுக்கு நீள்கிறது. நீங்கள் சொல்லும் நீர்த்தல் அங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் கதையைக் கூட்டவேண்டும் என்று வால்வ் முதலிலேயே முடிவு கட்டிவிட்டுத் தொடங்கவில்லை. போர்ட்டல் 2-க்கு அவர்கள் முதலில் போட்ட திட்டத்தில் போர்ட்டலே கிடையாது! 'எஃப்-ஸ்டாப்' என்று உள்ளுக்குள் பெயர் வைத்து, முற்றிலும் வேறொரு புதிர் உத்தியை எடுத்துக்கொண்டு, 1980களில் நடக்கும் முன்கதையாகச் செய்துகொண்டிருந்தார்கள். கதாநாயகி செல் இல்லை, கிளாடோஸ் இல்லை, கம்பெனி முதலாளி கேவ் ஜான்சன் மட்டும் இருந்தார். ஆடிப்பார்த்தவர்கள் உத்தியைப் பாராட்டிவிட்டு, போர்ட்டல் எங்கே, கிளாடோஸ் எங்கே என்று கேட்டார்கள். புதுப் புதிரை முதலில் வைத்துத் தொடங்கிய கேம், ஆடுபவர்கள் கேட்டதால் பழைய பாத்திரங்களிடம் திரும்பியது. கதை ஆசையில் வால்வ் புதிரைக் கெடுத்துவிட்டது என்று திட்டுபவர்கள் இதைக் கொஞ்சம் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

2011 ஏப்ரலில் வெளிவந்த கேமில் புதிர்ச் சாமான்களுக்குப் பஞ்சமே இல்லை. லேசர், ஒளிப்பாலம், ஆளைத் தூக்கி எறியும் பலகை, மிதந்தபடி இழுத்துச்செல்லும் சுழல் குழாய், அப்புறம் மூன்று வகைக் குழம்புகள். நீலம் பட்டால் துள்ளும், ஆரஞ்சு பட்டால் வழுக்கிக்கொண்டு வேகம் எடுக்கும், வெள்ளை பட்ட இடத்தில் போர்ட்டல் போடலாம். குழம்பு யோசனையும் டிஜிபென் மாணவர்களிடமிருந்து வந்ததுதான். 'டேக்' என்ற அவர்களுடைய கேமைப் பார்த்து அவர்களையும் வேலைக்கு எடுத்தார்கள். வால்வுக்கு அந்தக் கல்லூரி நன்றாகவே ராசியாக இருந்திருக்கிறது.

சாமான் கூடியும் சிக்கல் ஏன் கூடவில்லை? முதல் காரணம், கைத்திறமை தேவைப்பட்ட இடங்களையெல்லாம் வழவழப்பாக்கிவிட்டார்கள். பழைய கேமில் எகிறிக் குதிக்கும் மின்பந்து வரும். அது மறைவதற்குள் வழியைத் திருப்பிவிட வேண்டும், தப்பினால் மறுபடி காத்திருக்க வேண்டும். புதியதில் அதன் இடத்தில் லேசர். லேசர் நிலையாக நிற்கும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று யோசிக்கலாம். நடுவானத்தில் பறந்துகொண்டே போர்ட்டல் சுடும் வித்தையும் ஒற்றை ஆள் ஆட்டத்தில் பெரும்பாலும் காணாமல்போய்விட்டது. இது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். புதிர் விடை தெரிந்த பிறகும் கை ஒத்துழைக்காமல் தவிப்பதில் என்ன இன்பம்? ஆனால் நீங்கள் முதல் பாகத்தில் 'மாட்டிக்கொண்டது' என்று நினைவுவைத்திருக்கும் இடங்களில் சில, மூளை மாட்டியதல்ல, கை மாட்டியதுதான்.

இரண்டாவது காரணம் ஒவ்வொரு சாமானையும் அறிமுகப்படுத்தச் செலவாகும் அறைகள். ஒரு புதுப் பொருள் வந்தால் அதைக் காட்ட ஒரு அறை, பழக ஒரு அறை, கொஞ்சம் திருப்பிப்போட ஒரு அறை. உண்மையான சிக்கலுக்கு வருவதற்குள் கதை வந்து கதவைத் தட்டிவிடும், அடுத்த அத்தியாயத்தில் அடுத்த சாமான். ஒளிப்பாலத்தை வைத்து இன்னும் நாலு கொடூரமான அறைகள் போட்டிருக்கலாமே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். போதாக்குறைக்கு, தொடக்க அத்தியாயங்கள் முதல் பாகத்தை ஆடாதவர்களுக்காகப் போர்ட்டல் பாடத்தை மறுபடி முதலிலிருந்து எடுக்கின்றன. பாழடைந்து, செடி முளைத்து, பழைய அறைகளே கண்முன் கிடப்பது பார்க்க அழகுதான். கிளாடோஸ் விழித்தபின் நீங்கள் நடக்க நடக்கப் பலகைகள் தூசு தட்டிக்கொண்டு தம்மைத்தாமே அடுக்கிக்கொள்வதும் அப்படித்தான். முதல் பாகம் தெரிந்தவருக்கு அங்கே பார்க்க நிறைய உண்டு, யோசிக்கத்தான் ஒன்றும் இல்லை.

மூன்றாவது, எனக்கு உண்மையிலேயே குறையாகப் படுவது, நடுவில் பாதாளத்தில் வரும் பழைய அபெர்ச்சர், அதாவது சோதனைகளை நடத்தும் அந்தக் கம்பெனியின் பழைய பகுதி. மிச்சிகனில் உள்ள உப்புச் சுரங்கத்துக்குள் கேவ் ஜான்சன் கட்டிய சோதனைக்கூடங்கள். கதை சொல்லும் விதத்தில் கேமின் சிகரம் அதுதான். கீழிருந்து மேலே ஏற ஏறக் காலம் நகர்கிறது. 1950களில் விண்வெளி வீரர்களையும் ஒலிம்பிக் வீரர்களையும் சோதனைக்கு அழைத்த கம்பெனி, 1970களில் 60 டாலர் தருகிறோம் என்று தெருவில் கிடப்பவர்களைக் கூட்டிவருகிறது. 1980களில் சொந்த ஊழியர்களையே சோதனைக்குள் தள்ளுகிறது. ஒரு நிறுவனம் நொடித்துப்போவதை வரவேற்பறை நாற்காலிகளையும், சுவரில் மாட்டிய படங்களையும், ஜே. கே. சிம்மன்ஸின் ஒலிப்பதிவுக் குரலையும் வைத்தே சொல்லிவிடுகிறார்கள். செல் கூடவே உருளைக்கிழங்குக்குள் சிறைப்பட்ட கிளாடோஸ் வருகிறாள். முதலாளியின் உதவியாளர் கரோலினின் குரலைக் கேட்டதும் அவள் தடுமாறுவாள். ஏன் என்று அந்த இடத்தில் யாரும் விளக்கமாட்டார்கள்.

ஆனால் புதிர்? பெரிய குகை, எட்டாத உயரத்தில் வழி, சுற்றிலும் துருப்பிடித்த இரும்பு, எங்கோ ஒரு மூலையில் போர்ட்டல் போடக்கூடிய ஒரேயொரு வெள்ளைப் பலகை. அறைக்கும் அறைக்கும் நடுவில் வரும் இடங்களில் உங்கள் வேலை அந்த வெள்ளைப் பலகையைத் தேடிக் கண்டுபிடிப்பது. கண்டுவிட்டால் விடையும் வந்துவிடும். அது யோசிக்கும் வேலை இல்லை, கண் பார்க்கும் வேலை. பரந்த இடத்தில் வழி தவறக் கூடாது, கதையின் ஓட்டம் நிற்கக் கூடாது என்பதற்காகப் போர்ட்டல் போடும் இடங்களைச் சுருக்கிவிட்டார்கள். அங்கேயும் சிலருக்கு நேரம் பிடிக்கும்தான், ஆனால் அது வேறு வகை நேரம், எரிச்சல் தரும் நேரம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, கதையும் புதிரும் கைகோக்கும் சில இடங்களைச் சொல்லாவிட்டால் அநியாயம். ஐந்தாவது அத்தியாயத்தில் டர்ரெட் தொழிற்சாலையைக் கெடுப்பது ஒன்று. நல்ல டர்ரெட்டை மாதிரியாக வைத்து மற்றவற்றைச் சரிபார்க்கும் இயந்திரம் ஒன்று இருக்கும். மாதிரியைத் தூக்கிவிட்டு அங்கே ஒரு பழுதானதை வைத்தால் போதும். அதன்பின் இயந்திரம் நல்லதையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டுப் பழுதானதையெல்லாம் பாஸ் செய்யும். கொஞ்ச நேரம் கழித்துக் கிளாடோஸ் உங்களைச் சுட டர்ரெட்களை அழைக்கும்போது வருவது அந்தப் பழுதான கூட்டம்தான். நீங்கள் செய்த காரியத்தின் பலன் கதையில் தெரிகிறது.

இன்னொன்று வீட்லி. ஸ்டீபன் மெர்ச்சன்ட் குரலில் மூச்சுவிடாமல் பேசும் அந்த நீலக்கண் ரோபோ உருண்டை, கிளாடோஸின் இடத்தில் அமர்ந்து அதிகாரத்தைப் பிடித்ததும், தானே ஒரு சோதனை அறை கட்டுகிறது. அறையில் ஒரு பெட்டி, ஒரு பட்டன். அவ்வளவுதான். நீங்கள் அதை முடித்ததும் வீட்லிக்குப் பரம ஆனந்தம், உருளைக்கிழங்குக்குள் இருக்கும் கிளாடோஸுக்குத் தாங்கமுடியாத அவமானம். புதிரின் தரத்தையே ஒரு பாத்திரத்தின் குணத்தைக் காட்டப் பயன்படுத்திய இடம் வேறு எந்த கேமிலும் எனக்கு நினைவில்லை. சுலபமான புதிர் இங்கே குறை இல்லை, நகைச்சுவையே அதுதான்.

மூன்றாவது நிலா. வெள்ளைக் குழம்பு நிலாக் கல்லைப் பொடிசெய்து தயாரித்தது, அந்தப் பொடி உடம்புக்கு விஷம், ஆனால் போர்ட்டலுக்கு அருமையாக ஒத்துழைக்கிறது என்று இருமிக்கொண்டே கேவ் ஜான்சன் சொல்வார். கேட்கும்போது இன்னொரு ஜோக் மாதிரிதான் இருக்கும். இறுதிச் சண்டையில் கூரை பிய்ந்து வானம் தெரிகிறது, செல் குற்றுயிராய்த் தரையில் கிடக்கிறாள், மேலே முழுநிலா. சுடுகிறோம். ஒரே ஒரு கிளிக். தீக்குழி விதிப்படி இதைவிட எளிய புதிர் இருக்கமுடியாது. ஆனால் அதற்கான விடையை யாரும் புதிராகக் கற்றுத்தரவில்லை, கதையில்தான் சொல்லிவைத்தார்கள். கம்பானியன் கியூபில் புதிரின் தேவை கதையானது, இங்கே கதையின் ஒரு வரி புதிருக்கு விடையானது. ஆடுபவர் தானே கண்டுபிடித்ததாக உணர்வார், அதுதான் அதன் சாமர்த்தியம். இந்த ஒரு நொடியை மட்டும் எடுத்துக்கொண்டால் இரண்டாம் பாகம் முதலாவதை ஜெயித்துவிடுகிறது. இந்தப் பாகத்துக்கு ஜே பிங்கர்டனும் எழுத்தாளராகச் சேர்ந்திருந்தார். ஓய்ந்துபோன கேக் ஜோக்கை மறுபடி அரைக்காமல் அவர்கள் வேண்டுமென்றே ஒதுக்கியதற்கும் ஒரு நன்றி சொல்லவேண்டும்.

சரி, காணாமல்போன சிக்கல் எங்கே போனது? கோ-ஆப்புக்கு, அதாவது இருவர் சேர்ந்து ஆடும் பகுதிக்கு. நீங்கள் 'ஆடி முடித்தேன்' என்று எழுதியதில் அது இருக்கிறதா என்று தெரியவில்லை. பலர் ஒற்றை ஆள் கதையை முடித்ததும் கேம் முடிந்தது என்று மூடிவிடுகிறார்கள். அட்லஸ், பி-பாடி என்ற இரண்டு ரோபோக்கள், ஆளுக்கு இரண்டு போர்ட்டல், ஆக நான்கு. நான்கு வாயில்கள் இருக்கும்போது ஒரு அறையின் சாத்தியங்கள் எப்படிப் பெருகும் என்று யோசித்துப்பாருங்கள். மனித உயிர் இல்லாததால் தாராளமாகச் சாகடிக்கிறார்கள், அடுத்த நொடி புது ரோபோ குழாயில் வந்து விழுகிறது. கிளாடோஸ் இருவருக்கும் அர்த்தமில்லாத மதிப்பெண் போட்டுச் சண்டை மூட்டிவிடுவாள். அதைத் தாண்டிக் கதை என்று பெரிதாக ஒன்றும் குறுக்கே வராது. முதல் பாகத்தின் ஆன்மா அப்படியே அங்கேதான் போய் உட்கார்ந்திருக்கிறது: வெறும் அறை, மேலே ஒரு விஷமக் குரல், முழிக்கும் நீங்கள். 2011 அக்டோபரில் இலவசமாக வந்த 'பியர் ரிவ்யூ' இணைப்பில் இன்னொரு தொகுதி அறைகளும் சேர்ந்தன.

ஆகவே என் தீர்ப்பு: கட்டுக்கோப்பில் முதல் பாகம். மூன்று நான்கு மணி நேரத்தில் முடிகிறது, வீணான அறை என்று ஒன்றைக்கூடக் காட்டமுடியாது. எழுத்திலும் குரலிலும் இரண்டாம் பாகம், அதில் போட்டியே இல்லை. புதிருக்காக மட்டும் ஆடுகிறீர்கள் என்றால் ஒற்றை ஆள் ஆட்டத்தை வைத்து இரண்டாவதை எடைபோடாதீர்கள்.

உங்கள் பசிக்கு இன்னும் தீனி உண்டு. முதல் பாகத்தின் மெனுவிலேயே ஆறு அறைகளின் கடினமான வடிவங்கள் இருக்கின்றன, குறைந்த போர்ட்டல், குறைந்த அடி, குறைந்த நேரம் என்று சவால்களும் உண்டு. இரண்டாவதுக்கு 2012 மே மாதம் வால்வ் இலவசமாகத் தந்த அறை வடிவமைக்கும் கருவியால் ஸ்டீம் என்ற வால்வின் இணையக் கேம் கடையில் ரசிகர்கள் கட்டிய அறைகள் குவிந்துகிடக்கின்றன. தரம் ஏற்ற இறக்கம்தான், நல்ல மதிப்பீடு பெற்றவற்றிலிருந்து தொடங்குங்கள். 2021-இல் வந்த 'போர்ட்டல் ரீலோடட்' என்ற ரசிகர் மாடில் (மூல கேமை வைத்து ரசிகர்கள் செய்த மாற்று வடிவம்) மூன்றாவதாக ஒரு போர்ட்டல், அது காலத்தைத் தாண்டும். இருபது வருடத்துக்குப் பின்னால் உள்ள அதே அறைக்குப் போய்வரலாம். இலவசம்தான், ஆனால் போர்ட்டல் 2 உங்களிடம் இருக்கவேண்டும். நிச்சயம் மாட்டிக்கொள்வீர்கள்.

கோ-ஆப் ஆடப்போனால் ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே முடித்தவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளாதீர்கள். அவர் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் ரோபோவை விடை இருக்கும் பக்கமாகவே நகர்த்திக்கொண்டிருப்பார். இதுவரை தொடாத ஒரு நண்பரைப் பிடியுங்கள், இருவரிடமும் மைக் இருக்கட்டும்.